சம்பந்தி வந்த வியாழக்கிழமை

கிர்கிஸ்தானின் நாரின் நகரத்தில் புருல்சாவின் விருந்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் யாரும் இல்லை. விருந்தாளி உட்கார்ந்தால் எதிரே விரித்திருக்கும் துணியில் உள்ள பூ கண்ணுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் வீட்டுக்காரிக்குத் தலைகுனிவு என்பது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். புருல்சா வீட்டில் பூ என்ன, தட்டே தெரியாது. பொரித்த மாவுத் துண்டுகளான போர்சோக் மலையாகக் குவிந்திருக்கும். அதன் மேல் வெண்ணெய், பாலேடு, ஆறு வகை ஜாம், உலர்ந்த பழம், அடுக்கடுக்கான நெய் ரொட்டி. இறைச்சி வருவதற்கு முன்பே விருந்தாளிகள் பெல்ட்டைத் தளர்த்திவிடுவார்கள். தபால் நிலையத்தில் பார்சல் பிரிவில் முப்பது வருஷமாக வேலை பார்ப்பவள்தான், ஆனால் ஊர் அவளை மதித்தது அந்த விரிப்புக்காகத்தான். அது அவளுக்கும் தெரியும். கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கர்வத்துக்கு உடம்பு கொடுத்த விலை நூற்றெட்டு கிலோ. மருத்துவமனையின் இரண்டாம் மாடிக்கு ஏற மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, இப்போது பிடிக்காவிட்டால் பிறகு பிடிக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அவள் கணவன் சத்தார், கிண்டல் இல்லாமல் சாப்பாடு இறங்காத ஆள்.

"அடுத்த குதிரை வாங்கறப்ப உன்னையும் கூட்டிட்டுப் போறேன். அது உன்னைப் பாத்து உக்காரலேன்னா வாங்கிக்கலாம்."

அன்று அவள் சிரிக்கவில்லை. மறுநாளே பெயர் கொடுத்துவிட்டாள்.

மருத்துவமனையில் வியாழக்கிழமைதோறும் ஒரு குழு கூடியது. பத்துப் பெண்கள், எல்லோரும் ஐம்பதைத் தொட்டவர்கள். நடத்தியவள் ஆய்பெரி என்ற நர்ஸ். வயது முப்பதுகூட இல்லை, குரல் மெல்லியது, ஆனால் விடாக்கண்டி. பட்டினி கிடக்கச் சொல்ல மாட்டாள். இதைத் தொடாதே, அதைத் தொடாதே என்றும் சொல்ல மாட்டாள். ஏற்கெனவே தினமும் செய்கிற ஒரு வேலையோடு புதிதாக ஒன்றைச் சேர்த்துக் கட்டச் சொல்வாள். காலைக் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்ததும் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு பாலம் வரை நடந்துவிட்டு வர வேண்டும். இரண்டாவது கிண்ணம் டீ முடிந்ததும் உள்ளங்கையால் கிண்ணத்தை மூட வேண்டும்.

"நாக்கோட சண்டை போடாதீங்கக்கா, நீங்க ஜெயிக்க மாட்டீங்க. கைக்குச் சொல்லிக் குடுங்க. கை நல்ல பிள்ளை, கேட்டுக்கும்" என்பாள்.

மார்ச்சில் தொடங்கிய குழு நவம்பருக்குள் எல்லோருமாகச் சேர்ந்து அறுபத்திரண்டு கிலோ இறக்கியிருந்தது. பக்கத்துத் தெரு சோனுன்புபு, புருல்சாவுக்குப் பள்ளிக்கூடத் தோழி, எழுந்து நின்று கை தட்டினாள்.

"அடேயப்பா, முழுசா ஒரு மருமகளையே குறைச்சிட்டோம்டி!"

டிசம்பரில் மருத்துவமனையின் வெந்நீர்க் குழாய் வெடித்தது. வெளியே மைனஸ் இருபத்தைந்து. அறையைப் பூட்டிவிட்டார்கள். ஆய்பெரியைக் காய்ச்சல் பிரிவுக்கு மாற்றினார்கள். குழு இரண்டு மாதம் நிற்கட்டும் என்றபோது புருல்சாதான் வாயைத் திறந்தாள்.

"எதுக்கு நிக்கணும்? வாரம் ஒரு வீடு. தராசைத் தூக்கிட்டுப் போனா ஆச்சு. வெறும் டீ, அவ்ளோதான்."

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. பெண்கள் முறை வைத்து ஒருவர் வீட்டில் ஒருவர் கூடுவது அந்த ஊருக்குப் புதிதும் இல்லை. ஆனால் அப்படிக் கூடினால் என்ன நடக்கும் என்பதை மட்டும் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் மறந்துபோனார்கள்.

முதல் வாரம் சோனுன்புபு வீடு. வெறும் டீதான் என்றாள். டீயோடு போர்சோக் இருந்தது. "வீடு தேடி வந்தவங்களுக்கு வெறும் தண்ணியா ஊத்துவாங்க?" இரண்டாம் வீட்டுக்காரி, சோனுன்புபு வைத்ததைவிடக் குறைவாக வைக்க முடியுமா? நெய் ரொட்டி சேர்ந்தது. மூன்றாம் வீட்டில் பிலாவு என்ற இறைச்சிச் சோறு. ஐந்தாம் வீட்டில் ஆடு. தராசு முதல் வாரம் வாசலில் இருந்தது, மூன்றாம் வாரம் மேல்கோட்டுகளுக்கு அடியில் போனது, ஐந்தாம் வாரம் அதை யாரும் எடுத்து வரவே இல்லை. வீட்டுக்கு வந்தவர்களை எடை போட்டுப் பார்ப்பது மரியாதையா என்று ஒருத்தி கேட்டாள், நியாயம்தானே என்று மற்றவர்கள் தலையாட்டினார்கள். கூட்டம் மட்டும் ஒழுங்காக நடந்தது. கையில் ஜாம் கரண்டியோடு, "இந்த வாரம் யாரும் சர்க்கரை தொடலதான?" என்று கவலையாக விசாரித்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி கடைசியில் ஆய்பெரி திரும்பி வந்து அறையைத் திறந்தாள், தராசை நடுவில் வைத்தாள். பத்துப் பேரும் ஏறி இறங்கினார்கள். அவள் கூட்டிப் பார்த்து, பலகையில் பெரிதாக எழுதினாள். இருபத்தொன்பது கிலோ ஏறியிருந்தது.

"பாதி மருமக திரும்பி வந்துட்டா" என்றாள் சோனுன்புபு. யாரும் சிரிக்கவில்லை.

ஆய்பெரி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எட்டு மாசமா ஒரு பழக்கம் கத்துக்கிட்டீங்க. அது இந்த ரூமுக்குள்ளயே இருந்திருக்குக்கா. உங்களோட வீட்டுக்கு வரல. வீட்டுக்கு வராதது பழக்கமே இல்ல. இப்படித்தான்னா, நான் இந்தக் குழுவை முடிஞ்சதுன்னு எழுதிக் குடுத்துடறேன். எனக்கும் மனசு விட்டுப்போச்சு."

புருல்சாவுக்குக் காது சுட்டது. வீடு வீடாகப் போகலாம் என்று சொன்ன வாய் அவளுடையது. இந்த ஊர்ப் பெண்கள் யாரைப் பார்த்து மலை மலையாகக் குவிக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியாதா?

"ஒரு வாரம் பொறும்மா" என்றாள். "வர்ற வியாழக்கிழமை என் வீடு. நீயும் வா. ஒரு ரொட்டி, கோஸ் சூப்பு, முள்ளங்கி, டீ. அதுக்கு மேல ஒன்னு இருந்தா உன் பேனாவை நானே எடுத்துக் குடுக்கறேன்."

"நீயா?" என்றாள் சோனுன்புபு. அந்த ஒரு சொல்லிலேயே மற்ற எல்லோருடைய சிரிப்பும் இருந்தது.

புருல்சாவுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. குழுவைக் காப்பாற்றினால் பெயர் போகும், பெயரைக் காப்பாற்றினால் குழு போகும். இரண்டையும் வைத்துக்கொள்ள வழி இல்லை.

வியாழன் காலை ஐந்து மணிக்கெல்லாம் அவளுடைய கை மாவு மூட்டையைத் தேடிக்கொண்டு போயிருந்தது. பிடித்து இழுத்தாள், திரும்பவும் போனது. கடைசியில் கணவனை எழுப்பினாள்.

"ஏங்க, இந்த மாவு மூட்டையத் தூக்கிட்டுப் போய் லாயத்துல வைங்க."

"குதிரைக்கு விருந்தா?"

"சொன்னதைச் செய்யுங்க. பேசாதீங்க, அழுதுருவேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான், மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான்.

பெண்கள் வந்தார்கள். வாசலில் தராசு இருந்தது, ஏறிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். உள்ளே அந்தப் பெரிய துணி விரித்திருந்தது. நடுவில் ஒரு வட்ட ரொட்டி, ஆளுக்கொரு கிண்ணம் சூப்பு, சீவிய முள்ளங்கி. மீதி எல்லாம் துணி.

"இதுல இத்தனை பூ இருக்கா?" என்று ஒருத்தி வியந்தாள். இருபது வருஷமாக அந்த வீட்டில் சாப்பிடுகிறவள்.

சோனுன்புபு தாழ்ந்த குரலில் கேட்டாள். "யாராச்சும் தவறிட்டாங்களாடி? இழவு வீட்டுலகூட இதைவிட இருக்குமே."

"உக்காருடி. சூப்பு ஆறுது."

உட்கார்ந்தார்கள். ஆய்பெரி மட்டும் கண் கலங்கியபடி சிரித்துக்கொண்டிருந்தாள். அரை ரொட்டி முடிந்திருக்கும், வெளியே கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து அந்தக் குரல். புருல்சா கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள்.

கொச்கோர் ஊரிலிருந்து அவளுடைய சம்பந்தி கல்யிபா வந்திருந்தாள். மகள் ஜிபாராவின் மாமியார். ஆளும் பெரிது, குரலும் பெரிது, மலைக்கணவாய் தாண்டி மருத்துவமனையில் இருக்கும் அண்ணனைப் பார்க்க வந்தவள், வந்த இடத்தில் சம்பந்தி வீட்டுக்குப் போகாமல் திரும்பினால் தப்பாகிவிடும் என்று நேரே வந்துவிட்டாள். மூன்று மாதத்துக்கு முன்னால்தான் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு பேரன் பிறந்திருந்தான். சம்பந்தி வந்தால் அந்த ஊரில் ஆடு அறுக்க வேண்டும். அறுக்க நேரமில்லை என்றால் அறுத்ததைப் போல வைக்க வேண்டும்.

கல்யிபா வாசலில் இருந்த தராசைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். விரிப்பைப் பார்த்தாள். பூக்களை எண்ணுகிறாற்போல நிதானமாகப் பார்த்தாள்.

அவளை மரியாதைக்குரிய தலைப்பக்கம் உட்கார வைத்துவிட்டு புருல்சா அடுப்பங்கரைக்குப் போனாள். பின்னாலேயே சோனுன்புபு ஓடி வந்தாள்.

"குதிரை இறைச்சித் தொத்திறைச்சி ஃப்ரிட்ஜுல இருக்குல்ல? வெட்டு, நான் ஏடு எடுக்கறேன். சம்பந்திக்குன்னா யாரும் ஒன்னும் சொல்ல மாட்டோம். ஆய்பெரிக்கே புரியும்."

புருல்சா ஃப்ரிட்ஜைத் திறந்தாள். எல்லாம் இருந்தது. கால் மணி நேரத்தில் அந்தத் துணியின் ஒரு பூகூடத் தெரியாமல் செய்துவிடுவாள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள், அதுவும் உண்மை. ஆனால் அடுத்த வாரம் சோனுன்புபு வீட்டுக்கு அவளுடைய நாத்தனார் வருவாள். அதற்கடுத்த வாரம் இன்னொருத்தி வீட்டுக்கு மாமா வருவார். இந்த ஊரில் யாராவது வராத நாள் எது? இன்று கதவு திறந்தால் பிறகு சாத்தவே முடியாது. ஃப்ரிட்ஜை மூடினாள். ஒரு கிண்ணம் சூப்பு ஊற்றி எடுத்துப்போய்ச் சம்பந்தி முன்னால் இரண்டு கையாலும் வைத்தாள்.

"சம்பந்தி, இல்லாம இப்படி வைக்கலை. வீட்டுல எல்லாம் இருக்கு. இவங்க எல்லாரும் என் பேச்சைக் கேட்டு உடம்பைக் கெடுத்துக்கிட்டாங்க. இன்னிக்கு என் வீட்டுல இதுதான்னு வாக்குக் குடுத்திருக்கேன். நாளைக்கு வாங்க, ஆடு அறுக்கறேன்."



"ஆடு என்கிட்டயும் இருக்கு, சம்பந்தி" என்றாள் கல்யிபா.

ரொட்டியில் நகக்கண் அளவு பிய்த்து வாயில் போட்டாள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஒரு விள்ளலாவது வாயில் படாமல் வெளியேறக் கூடாது என்பதால் மட்டும் அதைச் செய்தாள். சூப்பைத் தொடவில்லை. எல்லோரும் நல்லா இருங்க என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

மறுநாள் காலையே மகளின் போன் வந்தது.

"என்னம்மா பண்ணி வெச்சே? அத்தை ஊர் பூரா சொல்லிட்டு வர்றாங்க. காஞ்ச ரொட்டியும் கோஸ் தண்ணியும் வெச்சு, வாசல்ல எடை போட்டு அனுப்பினாளாம். ஓரகத்திங்க என்னைப் பாத்துச் சிரிக்கறாங்கம்மா. நான் இங்க எப்படித் தலை நிமிந்து நடக்கறது?"

"கண்ணு, நான் வேணும்னு..."

"உனக்கு உன் கிலோதான் பெரிசு" என்று அழுதபடி வைத்துவிட்டாள்.

புருல்சாவும் அழுதாள். தபால் நிலையத்தில் பார்சல் வாங்க வந்தவர்கள், உங்க வீட்டுல நோன்பாமே என்று கேட்டார்கள். சத்தார்கூடக் கிண்டல் செய்யாமல் ஒரு வாரம் இருந்தான், அதுதான் அவளை மிகவும் பயமுறுத்தியது. முப்பது வருஷத்துப் பெயர் ஒரு மத்தியானத்தில் போயே போய்விட்டது.

ஆனால் அடுத்த வியாழன் சோனுன்புபு வீட்டில் பூ தெரிந்தது. ரொட்டி, பீட்ரூட், நீர்த்த குழம்பு.

"சம்பந்திக்கே கோஸ் சூப்பு வெச்சவ எதிர்ல நான் யாருக்கு வெண்ணெயக் காட்டறது?" என்றாள் அவள். "ஆனா ஒன்னு சொல்றேன். உன் சூப்புல உப்பு ஜாஸ்தி."

அதன்பின் போட்டி தலைகீழாக நடந்தது. யார் வீட்டில் அதிகப் பூ தெரிகிறது என்பதே பேச்சு. ஒருத்தி புது விரிப்பே வாங்கிவிட்டாள், இனிமேல் தெரியப் போகிறதே என்று. அறை திறந்திருந்தும் அவர்கள் மருத்துவமனைக்குத் திரும்பிப் போகவில்லை, ஆய்பெரிதான் வீடு வீடாக வந்தாள். நாத்தனார் வந்தார்கள், மாமா வந்தார்கள், அவர்களும் பூவைப் பார்த்துவிட்டுச் சூப்பைக் குடித்தார்கள். கல்யாணம், காரியம் என்று போகிற இடத்தில் என்ன செய்வது என்றும் பேசி முடிவு செய்தார்கள். வழக்கம் கேட்பது ஒரு வாய். அதை மறுக்காமல், முகம் சுளிக்காமல், ருசித்துச் சாப்பிட வேண்டும். இரண்டாவது வாயை வழக்கம் கேட்கவில்லை.

சொல்வது எளிது. முதல் மூன்று மாதம் புருல்சா ஒவ்வொரு முறையும் கையை அதட்டித்தான் கிண்ணத்தின் மேல் வைத்தாள். கோடையில் ஒரு மாதம் எடை அசையவே இல்லை. இலையுதிர் காலத்தில் மூன்று கிலோ ஏறி, பனிக்காலத்தில் ஐந்து இறங்கியது. பாலத்துக்கான நடை மட்டும் நிற்கவில்லை. குளிருக்குப் பயந்து வேகமாக நடக்க ஆரம்பித்து, சில நாள் கடைசித் தெருவை ஓட்டமாகவே கடந்தாள்.

பதினான்கு மாதம் இப்படிப் போனது. மகள் பேசினாள், ஆனால் அளந்து பேசினாள். கல்யிபா அந்தப் பக்கமே வரவில்லை. மே மாதம் பனி விட்டுப் புல் வந்ததும் கொச்கோரிலிருந்து அழைப்பு வந்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான், கால்கயிறு அறுக்கும் விருந்து.

"போனா பழி வாங்குவா" என்றான் சத்தார்.

"வாங்கட்டும். என் பேரன்."

பழி விருந்தாகத்தான் வந்தது. புல்வெளியில் நீளமாக விரித்து அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பூ என்ன, தரையே தெரியவில்லை. கல்யிபா தன் கையாலேயே ஈரலும் ஆட்டு வால் கொழுப்பும் சேர்த்து எடுத்து வந்தாள். சம்பந்திகள் ஒருவருக்கொருவர் ஊட்டுகிற பண்டம் அது. வேண்டாம் என்றால் உறவே வேண்டாம் என்று அர்த்தம்.

"வாயத் திறங்க, சம்பந்தி. எங்க வீட்டுல பஞ்சம் இல்ல."

புருல்சா திறந்தாள். கொழுப்பு நாக்கில் கரைந்தது, கண் சொக்கியது. உண்மையாகவே நன்றாக இருந்தது, அதை அவளிடம் சொல்லவும் செய்தாள். கல்யிபாவின் கை அடுத்ததை எடுத்துக்கொண்டு வந்தது.

"இன்னொன்னு. அன்னிக்கு நீங்க போடாததுக்கும் சேத்து."

கூட்டம் சிரித்தது. தேநீர்க் கெண்டியோடு நின்ற ஜிபாரா தலையைக் குனிந்துகொண்டாள். புருல்சா நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள். "உறவுக்கு ஒன்னு சாப்பிட்டேன். மனசு நெறஞ்சுபோச்சு. போதும்."

"எடை போட்டுடுவாங்கன்னு பயமா?" என்று யாரோ கேட்க மறுபடி சிரிப்பு. அவள் கோபப்படவில்லை. அறுபது பேரும் இரண்டு மணி நேரம் சாப்பிட்டார்கள். பேச்சு மும்முரத்தில் அவள் குனிந்து பார்த்தபோது, அவளுடைய உள்ளங்கை கிண்ணத்தை மூடியிருந்தது. எப்போது போய் மூடியது என்று அவளுக்கே தெரியவில்லை. யாருக்கும் காட்ட முடியாத விஷயம், ஆனால் அந்த இடத்தில் அவளுக்குத் தன்மேல் வந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

அப்புறம் ஓட்டம். பேரனின் இரண்டு காலையும் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலால் கட்டி நடுவில் நிறுத்தினார்கள். ஓடி வந்து முதலில் தொடுகிறவர் கையில் கத்தி. நூலை அறுப்பவரின் நடையே பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. மற்ற வீடுகளில் இளசுகளை ஓடவிடுவார்கள், கல்யிபா குடும்பத்தில் அது ஐம்பதைத் தாண்டிய பெண்களின் ஓட்டம். மூன்று முறை ஜெயித்த அவளுடைய நாத்தனார், மாடு மேய்க்கிற ஒல்லியானவள், பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டாள். கல்யிபாவும் வந்து நின்றாள், பக்கத்தில் புருல்சாவும். ஏழு பேர். தூரத்துப் பாப்ளார் மரத்திலிருந்து நூற்றைம்பது அடி இருக்கும்.

"சம்பந்தி, வேண்டாம். கீழே விழுந்துட்டா எங்களுக்குத்தான் கெட்ட பேரு" என்றாள் கல்யிபா.

"கெட்ட பேரு எனக்குப் பழக்கம், சம்பந்தி."

ஓடினார்கள். இருபது அடியில் இரண்டு பேர் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக் கொழுப்பையும் மாவையும் தூக்கிக்கொண்டு ஓடுவது லேசா? பாதியில் கல்யிபா இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்த்தாள். நாத்தனார் மட்டும் முன்னால் போனாள், ஆனால் அவள் தொண்டையில் போர்சோக் ஏறி வருவது ஓட்டத்திலேயே தெரிந்தது. புருல்சாவுக்கு மூச்சு இருந்தது. தினமும் பாலத்துக்குப் போய்வந்த மூச்சு. எண்பத்தெட்டு கிலோவில் வயிறு காலியாக, ஸ்கார்ஃப் அவிழ்ந்து பறக்க, அவள் நாத்தனாரைத் தாண்டிப் போய்ப் பேரனின் தலையைத் தொட்டாள்.

"அம்மா!" என்று கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஜிபாரா கத்தினாள். கெண்டியைக் கீழே போட்டுவிட்டுக் குதித்தாள். "எங்கம்மா! அது எங்கம்மா!"

கத்தியைக் கையில் கொடுத்தார்கள். புருல்சா புல்லில் மண்டியிட்டு, நூலை அறுத்து, தரையில் கை ஊன்றாமல் எழுந்தாள். பொடியனுக்குக் கால் விடுபட்டதும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மிட்டாய் இறைத்தவர்களைச் சுற்றிக்கொண்டு, கட்டிப்போட்டிருந்த குதிரைகளை நோக்கி நேராக ஓடத் தொடங்கினான். பிடிங்க, பிடிங்க என்று அறுபது பேரும் கத்தினார்கள். இளைஞர்கள் இரண்டு பேர் எழுந்து பாய்ந்தார்கள். புருல்சா அதற்குள் பாதி தூரம் போய்விட்டாள்.

புல்லில் கால் நீட்டி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கல்யிபா, அந்தப் பெரிய குரலை எல்லோருக்கும் மேலே உயர்த்தினாள்.

"நீங்க எதுக்குடா ஓடறீங்க, உக்காருங்க! என் சம்பந்தி புடிச்சிருவாங்க!"